குஞ்சரத்தை மூணு நாள் பாத்துக்கிட்ட பிக்குணி

நகரு, நகரு. பெரியம்மாவுக்கும் கொஞ்சம் இடம் விடு. கட்டில் முழுக்க உனக்கேவா எழுதி வெச்சிருக்கு? காலை மடக்கு. ஆங், அப்படி. இப்ப சொல்றேன். ஆனா ஒண்ணு நித்திலா, நான் நிறுத்துறப்பல்லாம் "ம்" சொல்லணும். "ம்" வரலேன்னா நீ தூங்கிட்டேன்னு நானும் எந்திரிச்சுப் போயிடுவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு பிக்குணி இருந்தாங்களாம். பிக்குணின்னா, புத்தரைக் கும்பிட்டுக்கிட்டு, வீடு வாசல் நகை நட்டு எதுவும் வேணாம்னு விட்டுட்டு வந்தவங்க. தலையில முடி கிடையாது. ஆமா, மொட்டைதான். சிரிக்காத, நீயும்தான் போன வருஷம் மொட்டை, கண்ணாடியைப் பாத்து யாரு இதுன்னு அழுதியே! அவங்களுக்கு ஒரு காவித் துணி, கையில ஒரு திருவோடு, அவ்வளவுதான் சொத்து. பேரு சுமேதை. அந்த ஊரு கடலோரத்துல இருந்துச்சு. கரையில வெள்ளையா ஒரு பெரிய விகாரை, அதுலதான் இருந்தாங்க.

அவங்க தினமும் விடிஞ்சதும் கண்ணை மூடி உக்காந்து ஒண்ணு சொல்லுவாங்களாம். "எறும்பும் என் பிள்ளை, நண்டும் என் பிள்ளை, ஊர்ல இருக்கிற எல்லாரும் நான் பெத்த பிள்ளை." இப்படியே நாப்பது வருஷம். யாரு என்ன திட்டுனாலும் கோபமே வராது. அதுல அவங்களுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சூண்டு பெருமை. வெளிய காட்டிக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் அவங்க திருவோட்டை எடுத்துக்கிட்டு காத்தாயி வீட்டு வாசல்ல போய் நின்னாங்க. காத்தாயி யாருன்னா, உப்பளத்துல உப்பு வாருறவ. புருஷன் கப்பல்ல கடல் தாண்டிப் போனவன், மூணு வருஷமா சேதி இல்ல. அவளுக்கு ஒரே ஒரு பொண்ணு. மூணு வயசு. பேரு குஞ்சரம். குஞ்சரம்னா யானைன்னு அர்த்தம். ஆளைப் பாத்தா எலிக்குஞ்சு மாதிரி இருப்பா. சேட்டையில மட்டும் யானைதான்.

ம்.

என்ன "ம்"? உன்னைச் சொன்ன மாதிரி இருக்கா?

அப்போ பிக்குணி போய் நின்ன நேரம் பாத்து, குஞ்சரம் அரைச்சு வெச்ச மாவைச் சட்டியோட தூக்கிப் பூனை மேல ஊத்தியிருந்தா. சளக்! பூனை வெள்ளைப் பூனையாகி மியாவ் மியாவ்னு ஓடுது, பூனைக்குப் பின்னாடி குஞ்சரம் ஓடுறா, குஞ்சரத்துக்குப் பின்னாடி காத்தாயி அகப்பையை ஓங்கிக்கிட்டு ஓடுறா. "நில்லுடி! இன்னிக்கு உன்னைத் தொலைச்சுடறேன் பாரு!"

பிக்குணி சாந்தமாச் சொன்னாங்க. "அம்மா, கோபம் வேண்டாம். நான் எல்லா உயிரையும் என் பிள்ளையா நெனைக்கிறேன். எனக்குக் கோபமே வர்றதில்ல."

காத்தாயி நின்னா. மூச்சு வாங்குது. மூக்குல மாவு. இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "நெனைக்கிறதுக்கு என்ன சாமி, உக்காந்த இடத்துல ஊரையே நெனைக்கலாம். ஒண்ணே ஒண்ண வளர்த்துப் பாருங்க!" அப்படின்னுட்டா. சொன்ன கையோட, மிச்சம் இருந்த கஞ்சியையும் அவங்க திருவோட்டுல ஊத்துனா. வாய்தான் அப்படி, கை தாராளம்.

பிக்குணி கஞ்சியை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் விடிஞ்சுது. கண்ணை மூடி உக்காந்து, "எல்லாரும் நான் பெத்த..."ன்னு ஆரம்பிச்சாங்க. வாய் நின்னுபோச்சு. பொய் சொல்லக் கூடாதுங்கிறது அவங்க விரதம் இல்லையா? 'பெத்த பிள்ளை மாதிரின்னா எந்த மாதிரி? எனக்கு எப்படித் தெரியும்?'னு யோசிச்சாங்க. நாப்பது வருஷமா தெரியாத ஒண்ணைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோமேன்னு கண்ணைத் தொறந்துட்டாங்க. அன்னிக்கு முழுக்க அந்த வாக்கியம் வரவே இல்ல.

அடுத்த நாள் விடிஞ்சதும் நேரா காத்தாயி வீட்டுக்கு வந்தாங்க. "அம்மா, எனக்கு இதைக் கத்துக்குடு. மூணு நாள் உன் வீட்டுல இருக்கேன்."

காத்தாயி விழுந்து விழுந்து சிரிச்சா. "இதுல பாடம்லாம் ஒண்ணுமில்ல சாமி. நான் உப்பளத்துக்குப் போறேன், பொழுது சாயத்தான் வருவேன். அதுவரைக்கும் இவளைப் பாத்துக்கோங்க. அதுதான் பாடம்."

ம்.

மொத நாள். பிக்குணி கஞ்சியை வெச்சாங்க. குஞ்சரம் வேணாம்னா. பசிச்சாத் தானா சாப்பிடும்னு இவங்க பாட்டுக்குக் கண்ணை மூடி உக்காந்துட்டாங்க. குஞ்சரம் மெதுவ்வா வந்தா. அந்த மொட்டைத் தலையையே பாத்தா. வழவழன்னு இருக்கு. கையில கஞ்சிக் கிண்ணம் இருக்கு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அதேதான்! கவுத்துட்டா! சொத சொத சொதன்னு காது வழியா, மூக்கு வழியா, தாடை வழியாக் கஞ்சி வழியுது. பிக்குணி அசையல. கோபமும் வரல.

பொழுது சாஞ்சு காத்தாயி வந்தா. "கோபம் வந்துச்சா சாமி?"

"துளிகூட வரல," அப்படின்னாங்க, பெருமையா.

"புள்ள சாப்பிட்டுச்சா?"

பிக்குணி முழிச்சாங்க. "இல்ல."

"அப்ப உங்களுக்குக் கோபம் வராததுல அவ வயித்துக்கு என்ன புண்ணியம்?"னு கேட்டுட்டு, காத்தாயி அடுப்பைப் பத்த வெச்சா.

அப்புறம் ரெண்டாம் நாள். இன்னிக்கு பிக்குணி உசார். காக்காயைக் காட்டுனாங்க, ஒரு வாய். ஆட்டுக்குட்டியைக் காட்டுனாங்க, ஒரு வாய். காக்காய் மாதிரி இவங்களே ரெண்டு கையையும் விரிச்சு கா கான்னு வாசல்ல குதிச்சாங்க, மூணு வாய்! தெருவே வேடிக்கை பாத்துச்சு. கிண்ணம் காலி. அப்புறம் குஞ்சரம் கேள்வி கேக்க ஆரம்பிச்சா. உனக்கு ஏன் முடி இல்ல? நண்டுக்கு ஏன் முடி இல்ல? நண்டும் நீயும் சொந்தமா? ஏன் இல்ல? ஏன்? ஏன்? ஏன்? பதில் சொல்லிச் சொல்லி அவங்களுக்கு நாக்கு வறண்டுபோச்சு. ஒரே ஒரு நிமிஷம்னு கண்ணை மூடுனாங்க. தொறந்து பாத்தா...

குஞ்சரத்தைக் காணோம்.

ம்?

காணோம்! உள்ள இல்ல, கொல்லையில இல்ல, ஆட்டுக்குட்டிகிட்ட இல்ல. பிக்குணி தெருவுல இறங்குறாங்க. கடற்கரைக்கு ஓடுறாங்க. அங்க, ஈர மணல் எல்லாம் தாண்டி, இடுப்பளவு தண்ணியில நிக்கிறா குஞ்சரம், ஒரு நண்டைத் துரத்திக்கிட்டு. பின்னாடி இருந்து பெருசா ஒரு அலை ஹோன்னு வருது. "ஏய்ய்ய்!" நாப்பது வருஷமா சத்தமே போடாத வாய் போட்ட சத்தத்துல கரையில இருந்த கொக்கெல்லாம் பறந்துபோச்சு. காவித் துணியை முழங்காலுக்கு மேல தூக்கிக்கிட்டுப் பாஞ்சு, குஞ்சரத்தை இழுத்து மேல போட்டு, பின்னாடி ஒண்ணு வெச்சாங்க பாரு, சப்புனு! "போவியா? இனிமே போவியாடி?" அப்புறம் இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதாங்க. குஞ்சரமும் ஓ. ரெண்டு பேரும் மணல்ல உக்காந்து ஓ.

காத்தாயி வந்தப்போ பிக்குணி மூலையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. "அம்மா, எனக்குக் கோபம் வந்துடுச்சு. கை நீட்டிட்டேன். நாப்பது வருஷமாக் காத்த விரதம் போச்சு."

விசயத்தைக் கேட்டுட்டுக் காத்தாயி மெதுவாப் பக்கத்துல வந்து உக்காந்தா. "அது கோபம் இல்ல சாமி. பயம். பயத்துக்கு வேற துணி கிடைக்காதப்ப கோபத்தோட சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு வரும். அடிச்சது தப்புதான். நானும் அடிக்கிறேன். அடிச்சுட்டு, அது தூங்குனதுக்கு அப்புறம் அந்த இடத்தைத் தடவிக்கிட்டே கெடப்பேன். கஞ்சி இருக்கு, குடிக்கிறீங்களா?"

"மத்தியானத்துக்கு மேல நான் சாப்பிடறதில்லம்மா."

"அப்ப வந்து காலையாவது நீட்டுங்க. ஓடுன காலு."

ம்.

மூணாம் நாள். அன்னிக்கு மழை. சோ... சோன்னு ஊத்துது. உப்பளத்துல வேலை இல்ல, காத்தாயி வீட்டுலயே இருந்தா. காலையில இருந்து பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருக்கு. ங்ஙா... ங்ஙா... அது சடைச்சியோட குழந்தை, அஞ்சு மாசம். காத்தாயிக்கும் சடைச்சிக்கும் ஒரு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. ஏன்னா, கிணத்தடியில தண்ணி எடுக்கிற சண்டையில சடைச்சி ஒரு வார்த்தை விட்டுட்டா. "உன் புருஷன் இனி எங்க வரப்போறான், கடலோட போயிட்டான்"னு. ஊரே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காத்தாயி அன்னிக்குக் காலிக் குடத்தோட வீட்டுக்கு வந்தவ, அப்புறம் சடைச்சி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

பிக்குணி மழையில போய்ப் பாத்துட்டு வந்தாங்க. "காத்தாயி, சடைச்சிக்கு நெருப்பாக் காய்ச்சல். பால் வத்திப்போச்சு. அவ வீட்டுக்காரன் மீன் பிடிக்கப் போனவன் இன்னும் கரையேறல. புள்ள பசியில துடிக்குது."

"ஊர்ல ஆடு இல்லையா, மாடு இல்லையா?" காத்தாயி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டா. குஞ்சரத்துக்கு மூணு வயசாகியும் இன்னும் பால் மறக்கல, அதனால காத்தாயிகிட்டப் பால் இருக்குன்னு ஊருக்கே தெரியும். நீ என்ன கம்மியா? உங்கம்மா வேப்பெண்ணெயைத் தடவி வெச்சா, நீ அதைத் துடைச்சுட்டுக் குடிச்ச ஆளு! சரி சரி, கிள்ளாத.

பிக்குணி வற்புறுத்தல. மழையில போய்க் கஞ்சித் தண்ணி கொண்டுவந்து சங்குல ஊட்டுனாங்க. குழந்தை தூன்னு துப்பிடுச்சு. வெல்லத் தண்ணி கொண்டுவந்தாங்க. தூ. நாலு தெரு தள்ளிப் போய் ஆட்டுப் பால் வாங்கிட்டு வந்தாங்க. கொஞ்சம் குடிச்சுது, அப்புறம் அதையும் கக்கிடுச்சு. அழுகை சின்னதாக ஆரம்பிச்சுது. ங்ஙா. அப்புறம் ங். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல.

பெருசா அழுதப்போகூடக் காத்தாயி தாங்கிக்கிட்டா. அந்தச் சத்தம் தேய்ஞ்சு போறதைத்தான் அவளால கேக்க முடியல. காதைப் பொத்திக்கிட்டுச் சுவரைப் பாத்து உக்காந்திருந்தா.

அப்போ குஞ்சரம் வந்து, "அம்மா, உன் சேலை நனைஞ்சிருக்கு. கூரை ஒழுகுதா?"ன்னு கேட்டா.

காத்தாயி குனிஞ்சு பாத்தா. கூரை ஒழுகல. மாரு ரெண்டும் பால் கட்டி, தானா வழிஞ்சு, முந்தானை முழுக்க ஈரம். வாய் மாட்டேங்குது, மனசு மாட்டேங்குது, பால் மட்டும் யாரையும் கேக்காம வந்துடுச்சு.

"பாழாப் போனது! எனக்கு முன்னாடி உனக்கு இரக்கம் வந்துடுச்சா?"ன்னு தன் மாரையே திட்டிக்கிட்டு எந்திரிச்சா. மழையில விறுவிறுன்னு நடந்தா. பிக்குணி கையில இருந்த குழந்தையை வெடுக்குனு வாங்கி, சடைச்சி படுக்கைக்குப் பக்கத்துலயே உக்காந்து பால் குடுத்தா. மொதல்ல அதுக்கு உறிஞ்சக்கூடத் தெம்பு இல்ல. காத்தாயி நாலு சொட்டு உதட்டுல பீச்சுனா. அப்புறம் சப். சப். அப்புறம் சப் சப் சப் சப்.

சடைச்சி கண்ணைத் தொறந்தா. பாத்தா. கண்ணுல தண்ணி கொடகொடன்னு கொட்டுது. "காத்தாயி, நான் உன்னைப் போய் என்ன வார்த்தை..."

"வாயை மூடிக்கிட்டுப் படு. நான் உன்கூட இன்னும் பேசல. புள்ளகூடத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

ம். சடைச்சி செத்துட்டாளா?

இல்லடி கண்ணு. ஏழு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சு. ஏழு நாளும் காத்தாயிதான் அந்தக் குழந்தைக்குப் பால். எட்டாவது நாள் சடைச்சிகூடப் பேசிட்டா. என்ன பேசுனா தெரியுமா? "உன் புள்ள கடிக்குதுடி"ன்னு சொன்னா.

காத்தாயி புருஷன் வந்தானா?

தெரியல. அன்னிக்குக் காத்தாயிக்கும் தெரியல.

ஆனா அந்த மழை நாள் இன்னும் முடியல, கேளு. காத்தாயி பால் குடுத்துக்கிட்டு இருக்கிறப்போ குஞ்சரம் பின்னாடியே வந்து பாத்துட்டா. "அது என் பாலு! என் அம்மா!" தொப்புனு தரையில விழுந்து உருள்றா. பிக்குணி தூக்கி வெளிய கூரைக்கு அடியில கொண்டுவந்தாங்க. குஞ்சரம் உதைக்கிறா, கடிக்கிறா, "அப்ப நீ குடு எனக்கு!"ங்கிறா.

அறுபது வயசுப் பிக்குணி என்ன பண்ணுவாங்க? "என்கிட்ட இல்லையே கண்ணு."

"அப்ப எதுக்கு எல்லாரும் என் பிள்ளைன்னு சொன்ன?"

பிக்குணி அவளை மடியில போட்டுக்கிட்டாங்க. பங்கு குடுக்கணும் பாப்பா, அப்படி இப்படின்னு போதனை பண்ணல. கோபமும் வரல, ஆனா இந்தத் தடவை அது வரலேங்கிறதையே அவங்க கவனிக்கல. உதைக்க உதைக்க மடியிலயே வெச்சுக்கிட்டாங்க. கடிச்ச கையை இழுத்துக்கல. குஞ்சரம் கத்திக் கத்தி, விக்கி விக்கி, அப்புறம் விக்கல் மட்டும், அப்புறம் அதுவும் இல்லாம அவங்க மடியிலயே தூங்கிட்டா. வாயில அவங்க விரல்.

பிக்குணிக்கு ஒரு கால் மரத்துப்போச்சு. முதுகுல மழைச் சாரல். ஒரு கட்டெறும்பு கணுக்கால்ல ஏறி நறுக்குனு கடிச்சுது, இன்னொண்ணும் கடிச்சுது. அவங்க அசையல. நாப்பது வருஷமாத் தியானத்துல உக்காந்தவங்கதான், ஆனா எங்க முழிச்சுக்குமோன்னு மூச்சைக்கூட மெதுவா விட்டுக்கிட்டு இப்படி ஒரு நாளும் உக்காந்ததில்ல. பொழுது சாயுற வரைக்கும் அந்தக் குட்டி வயிறு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேற எந்த நெனைப்பும் வரல.

மழை விட்டுச்சு. சடைச்சி குழந்தையையும் தூங்க வெச்சுட்டுக் காத்தாயி வெளிய வந்தா. "சாமி, மூணு நாள் ஆச்சே! பாடம்..."னு சத்தமா ஆரம்பிச்சா.

பிக்குணி விரலை உதட்டுல வெச்சு, கண்ணை உருட்டி, அவளையே அதட்டுனாங்க.

"ஷ்ஷ்ஷ்!"

காத்தாயி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சத்தம் வராமச் சிரிச்சா.

நித்திலா?

"ம்" சொல்லு.

சரி. கதை போர்வைக்குள்ள போயிடுச்சு, நீயும் போ.