நாற்பத்தொருவர் வருகை

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை. அந்த ஊரின் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதன் பந்திக் கூடத்தை மட்டும் ஒரு நாடகக் குழு ஒத்திகைக்காகக் கேட்டு வாங்கியிருந்தது.

குழு எடுத்துக்கொண்ட கதை 'கல்முடிக் காதை'. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட மாயப் பெருங்கதை அது. மலையுச்சியில் ஒரு கோட்டை. பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பனி ஏறி வரும். அது தீண்டியவர் அனைவரும் கல்லாகிவிடுவர்.

எழுதியவர் திருமேனியார். எழுத முப்பது ஆண்டுகள் ஆயின. அதைப் பாட்டு நாடகமாக ஆக்கியவர் அவருடைய மாணாக்கர் தணிகாசலம். ஆக்க ஆறு ஆண்டுகள் ஆயின. மாணாக்கர் என்றாலும் ஐம்பத்துமூன்று வயதைக் கடந்தவர். நூலகப் பணியை இதற்காகவே இடையில் விட்டவர்.

நாடகம் ஏழு மணி நேரம் ஓடியது.

ஆடிப்பெருக்கன்று அரங்கேற்றம். மாலை ஏழு மணிக்குத் திரை எழும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன.

குழுவின் தலைவி வடிவாம்பாள். அரசி வேடமும் அவருக்கே. அன்று காலை அவர் தணிகாசலத்தைத் தனியே அழைத்தார்.

"வாத்தியாரே, இன்று மாலைக்குள் மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் வழக்கமாகப் போடும் பழைய நாடகத்தையே போட்டுவிட்டுப் போகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்."

"ஆறு வருடம், அம்மா."

"தெரியும். எனக்கும் தொண்டை ஒன்றுதான்."

தணிகாசலம் ஆசிரியரின் வீட்டுக்கு நடந்தார். திருமேனியார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எதை விடுவது?"

"விட்டே ஆக வேண்டுமா?"

"நான் சொல்லவில்லை. கடிகாரம் சொல்கிறது."

"விட்டுப் பார்த்தாயா?"

"மூன்று முறை பார்த்தேன். ஒருவர் பெயரை அடித்தாலும் மறுபடி எழுதிவிடுகிறேன். எல்லாரும் நீங்கள் பெற்றவர்கள். நான் யாரைக் கொல்வது?"

திருமேனியார் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"வந்து பார்க்கிறேன்" என்றார்.

இருவரும் வெயிலில் நடந்தனர். வழியில் திருமேனியார் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் இடத்தில் தணிகாசலமும் நின்று வாங்கினார்.

பந்திக் கூடத்தில் மேசைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. எத்தனை முறை கழுவினாலும் போகாத சாம்பார் வாசம் சுவரில் இருந்தது. ஆர்மோனியக்காரர் சவரிமுத்து பெட்டியின்மேல் தலை சாய்த்திருந்தார். நடிகர்கள் சுவரோரமாகப் படுத்திருந்தனர். பனி தீண்டியவர்களைப் போலத்தான் இருந்தது.

அந்தக் குழுவின் மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும், தம் பெயரையும் ஊரையும் குலத்தையும் பாடி முடிக்காமல் ஒரு சொல் பேசக் கூடாது. அதற்கு வரவுப் பாட்டு என்று பெயர். அரசனுக்கும் அதுவே முறை. பல்லக்குத் தூக்குபவனுக்கும் அதுவே முறை.

தணிகாசலம் வழக்கத்தை மீறாதவர். நூலிலிருந்து ஒருவரையும் விடாதவர். கல்முடிக் காதையில் பெயர் பெற்றவர்கள் நாற்பத்தொருவர். ஆகவே நாற்பத்தொரு வரவுப் பாட்டுகள் எழுதியிருந்தார்.

"இன்று யார் வரவில்லை?" என்று திருமேனியார் கேட்டார்.

"மூன்றாம் வாயில் காவலன், ஐயா. அந்த நடிகருக்குக் காய்ச்சல்."

"பாட்டை இப்படிக் கொடு. நான் நிற்கிறேன்."

சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயாவுக்கு எந்தச் சுதி?"

"எனக்கு எட்டுகிற சுதி."

திருமேனியார் வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை வேலாகப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாடினார்.

"கல்முடிக் கோட்டையின் காவலன் வந்தேன் – மாயக்
காரிருள் பனியினைத் தடுத்திட வந்தேன்…"

பாட்டு எட்டுக் கண்ணிகள். இரண்டாம் கண்ணியில் ஊர் வந்தது. மூன்றாவதில் ஊரின் ஆறு வந்தது. நான்காவதில் பாட்டன் வந்தான். ஐந்தாவதில் திருமேனியார் நாற்காலி கேட்டார்.

"காவலன் உட்காரக் கூடாது, ஐயா" என்றார் வடிவாம்பாள்.

"வயதான காவலன், அம்மா."

உட்கார்ந்தே மீதியைப் பாடினார். ஏழாவது கண்ணி முழுவதும் பாட்டனின் குதிரையைப் பற்றியது. எட்டாவதை முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாணாக்கரைப் பார்த்தார்.

"பாடிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார். "அம்பு வருகிறது, ஐயா."

"எப்போது?"

"இப்போது."

"நான் இன்னும் ஒன்றும் பேசவில்லையே."

"நூலிலும் அவன் பேசவில்லை, ஐயா."

திருமேனியார் குடையைக் கீழே வைத்தார். மார்பில் கை வைத்தார். மெல்ல இறங்கிக் குளிர்ந்த தரையில் நீட்டிப் படுத்தார்.

தணிகாசலம் அருகில் வந்து குனிந்தார்.

"எழுந்திருங்கள், ஐயா."

"கொஞ்சம் இரு. இவ்வளவு பாடியபின் சாவது சுகமாகத்தான் இருக்கிறது."

சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா, நாற்பத்தொருவரில் இருபத்தேழு பேர் இப்படித்தான். வருவார்கள், பாடுவார்கள், போய்ச் சேருவார்கள். தினம் இருபத்தேழு சாவுக்கு வாசித்துவிட்டு நான் வீட்டுக்குப் போனால், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று மனைவி கேட்கிறாள்."

"நீர் சும்மா இரும்" என்றார் தணிகாசலம்.

"நான் சும்மா இருப்பேன். விரல்தான் இருக்க மாட்டேன் என்கிறது. வீங்கிவிட்டது."

திருமேனியார் படுத்தபடியே கேட்டார். "இந்தக் காவலன் பெயர் என்ன?"

"மாறோகன். இப்போதுதானே பாடினீர்கள்?"

"மறந்துவிட்டது. நானா எழுதினேன் இவனை?"

"ஐந்தாம் தொகுதி, ஐயா. உங்கள் கையெழுத்துப் படி என்னிடம் இருக்கிறது."

"எதற்காக எழுதினேன்?"

கல்முடிக் காதையில் தணிகாசலத்துக்குத் தெரியாதது ஒன்று இருந்தது என்பதே அவரைச் சோர்வடையச் செய்தது. அவரும் ஆசிரியருக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார்.

திருமேனியார் தலையை வடிவாம்பாள் பக்கம் திருப்பினார். தலைவி பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அரசிக்கு எத்தனை பாட்டு, அம்மா?"

"இரண்டு, ஐயா. வருகைக்கு ஒன்று, வெற்றிக்கு ஒன்று."

"நடுவில்?"

"நடுவில் கிரீடம் இருக்கிறது. நல்ல கனம். அதைச் சுமந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் 'வாருங்கள், வாருங்கள்' என்று கேட்டுக்கொண்டே நிற்கிறேன். இந்த மண்டபத்துக்குப் பொருத்தமான வேடம்தான். பெண்ணைப் பெற்றவள் வாசலில் நிற்பதைப் போல."

"மகன்?"

வடிவாம்பாள் வெந்நீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

கதையின் முடிவு இதுதான். பனி மதிலை நெருங்குகிறது. அரசி காந்தளின் ஒரே மகன் எயினன் இன்னும் வெளியே நிற்கிறான். அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் ஊர் முழுவதும் கல்லாகும். சாத்தினால் அவன் ஒருவன் கல்லாவான். கதவு சாத்தப்படுகிறது. ஊர் பிழைக்கிறது.

"அந்த இடம் மேடையில் இல்லை, ஐயா" என்றார் வடிவாம்பாள். "ஒரு தூதன் வந்து பாடுவான். நான் அப்போது திரைக்குப் பின்னால் வெற்றிப் பாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பேன். நான் அங்கே நிற்கட்டுமா என்று வாத்தியாரிடம் ஒரு நாள் கேட்டேன். நூலில் இல்லை என்றார்."

"இல்லைதான்" என்றார் தணிகாசலம். "பன்னிரண்டாம் தொகுதியில் ஒரே வரி. 'கதவு சாத்தப்பட்டது.' அதற்கடுத்த முப்பத்திரண்டு பக்கங்களும் அந்தக் கதவைச் செய்த தச்சனின் குலவரலாறு."

"அதற்கும் நான்கு பாட்டு, ஐயா" என்றார் சவரிமுத்து. "நான்கும் ஒரே மெட்டு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. திருமேனியார் கண்களை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்றே மற்றவர்கள் எண்ணினர். சுவரோரம் படுத்திருந்த ஒருவர் புரண்டு படுத்தார்.

"தணிகாசலம்."

"ஐயா."

"நீ வெளியே போ."

தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. "ஐயா?"

"சமையற்கட்டுக் கதவுக்கு அப்பால் போய் நில். நீதான் எயினன்."

"எனக்குப் பாடத் தெரியாது, ஐயா."

"பாடாதே. அம்மாவைக் கூப்பிடு."

சவரிமுத்து ஆர்மோனியத் துருத்தியில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "அவருக்கு வரவுப் பாட்டு வேண்டாமா?"

"அவன் உள்ளே வரப்போவதில்லை, சவரிமுத்து."

கூடத்தை ஒட்டித் திறந்திருந்த சமையற்கட்டின் பின்கதவு இரட்டைக் கதவு. அண்டா நுழையும் அகலம் உடையது. அதற்கு அப்பால் பாத்திரம் துலக்கும் முற்றம். அங்கே நண்பகல் வெயில் கொட்டிக் கிடந்தது. தணிகாசலம் அதில் போய் நின்றார். வடிவாம்பாள் உள்பக்கம் நின்று, இரண்டு கதவுகளிலும் கை வைத்துக்கொண்டார். திருமேனியார் தரையில் இருந்தபடியே புரண்டு, கதவு தெரியும்படி எழுந்து உட்கார்ந்தார்.

"நான் என்ன சொல்ல வேண்டும், ஐயா?" என்று வடிவாம்பாள் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, அம்மா."

சவரிமுத்து ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மா" என்றார் தணிகாசலம். பாடப் புத்தகத்தை உரக்கப் படிப்பதைப் போல இருந்தது.

யாரும் திருத்தவில்லை.

"அம்மா" என்று மறுபடியும் சொன்னார். தார்ச்சாலையில் நடந்து வந்த கால் எரிந்தது. காலையில் அவர் ஒன்றும் உண்ணவில்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் அவர் நன்றாக உறங்கவில்லை.

மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது அது வேறு குரலாக இருந்தது. சுவரோரம் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தனர்.

வடிவாம்பாள் இடக்கதவைச் சாத்தினார். வலக்கதவைப் பாதிவரை கொண்டுவந்தார். அதற்குமேல் அவருடைய கை நகரவில்லை. மீதி இடைவெளியில் தணிகாசலத்தின் முகம் வியர்த்துத் தெரிந்தது.

வடிவாம்பாள் அந்த இடைவெளியில் குனிந்து, பாடாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சாப்பிட்டாயா?"

சவரிமுத்தின் விரல் கட்டையிலிருந்து எழுந்துவிட்டது. கூடத்தில் சுரம் இல்லை.

தணிகாசலம் வாயைத் திறந்தார். கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஆசிரியரைத் தேடினார்.

"ஐயா, இது நூலில் இல்லையே."

"இல்லை" என்றார் திருமேனியார். "இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தபோதெல்லாம் யாராவது ஒருவனைப் புதிதாகக் கோட்டைக்குள் அழைத்துக்கொண்டேன். நீ பாட்டு எழுதிக் கொடுத்தாயே, அவர்கள் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தாம். சாத்து, அம்மா."