எண்ணெய் இல்லாத இடம்

"என் வண்டி குடிகாரனாயிருச்சுங்க, அம்மணி" என்றார் பொன்னுரங்கம்.

பட்டறைக்காரர் கைருன்னிசா தலையை நிமிர்த்தவில்லை.

"முன்னே லிட்டருக்கு அறுபது ஓடும். இப்ப முப்பத்தெட்டுத்தான்."

"வண்டி தானாக் குடிக்குதா, நீங்க ஊத்திக் கொடுத்துப் பழக்கினீங்களா?"

மலையடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் இருந்தது அந்தப் பட்டறை. ஏறப்போகிறவர்கள் பயந்து நிற்கும் இடம் அது. இறங்கி வந்தவர்கள் பெருமூச்சு விட்டு நிற்கும் இடமும் அதுதான்.

பொன்னுரங்கத்துக்கு ஐம்பது வயது. அரசு செவிலியர். புதன்கிழமைதோறும் தடுப்பூசி மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஆறு மலையூர்களுக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வருகிறவர். கைருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு பெண்ணிடம், அதிலும் தன்னைவிடச் சிறியவரிடம், வண்டியைப் பற்றி யோசனை கேட்பதா என்று அவருக்கு ஒரு கௌரவம் இருந்தது. நான்கு ஆண் மெக்கானிக்குகள் கார்புரேட்டரைத் திருகித் திருகிக் கைவிட்ட பிறகு அந்தக் கௌரவம் தானே இறங்கிக்கொண்டது.

"ரெண்டு லிட்டர் கூடப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார் கைருன்னிசா.

"பெட்ரோலைக் கூட்டலாம். பனிக்கட்டியைக் கூட்ட முடியுங்களா? வளைவுக்கு வளைவு இன்ஜின் கொதிச்சு நிக்குது. அது ஆறுற வரைக்கும் நானும் நிக்கிறேன். அஞ்சாவது ஊர் முடியறதுக்குள்ள பெட்டியில வெறும் தண்ணிதான். மருந்து கெட்டுப்போகுது. கடைசி ஊரு தேன்வரை. மூணு வாரமா அங்கே போகலை."

"நாளைக்குப் புதன்கிழமை."

"நாளைக்கும் முடியலைன்னா, அந்த ஊரைப் பட்டியல்ல இருந்து எடுத்துருங்கன்னு எழுதிக் கொடுத்துருவேன்."

"எத்தனை குழந்தைங்க?"

"பதினொண்ணு."

அந்த எண்ணிக்கையை அவர் மெல்லத்தான் சொன்னார்.

"ஊர்க்காரங்க ஒண்ணும் கேக்கலையா?"

"போன வாரம் செங்காயின்னு ஒருத்தி, கைக்குழந்தையோட அஞ்சாவது ஊருக்கே நடந்து இறங்கி வந்துட்டா. மருந்துதான் கெட்டுப்போச்சே. என்னமோ கேக்க வாயெடுத்தா. நான் பேச விடலைங்க. கெட்ட மருந்தைப் போடக்கூடாது, அரசு விதின்னு சொல்லிட்டு வண்டியை உதைச்சேன்."

"உடனே கிளம்பிருச்சா?"

"எங்கே! பதினாலு உதை."

"அதுவரைக்கும் அவங்க?"

"பாத்துக்கிட்டே நின்னா."

கைருன்னிசா எழுந்தார். ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து அவரிடம் எறிந்தார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் தன் கையால் வண்டியை முழுக்கத் துடைத்து முடிக்கும்வரை கைருன்னிசா அதன்மேல் விரலை வைக்கமாட்டார். தாசில்தார் வந்தாலும் துணிதான். ஒரு தாசில்தார் வந்துமிருக்கிறார்.

"நான் ரிப்பேருக்கு வந்தேங்க" என்றார் பொன்னுரங்கம்.

"ரிப்பேர் ஆரம்பிச்சாச்சு. துடைங்க."

அவர் துடைத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. துணி கறுத்தது. கை கறுத்தது. அரசு கொடுத்த வெள்ளைச் சட்டையும் பாதி கறுத்தது.

"முடிச்சிட்டேன்."

"எங்கெங்கே எண்ணெய் இருந்துச்சு?"

"கிக்கரைச் சுத்தி. கியர் கம்பி நுழையற சந்துல. ஹெட்டுக்கு அடியில. ஆயில் மூடி ஓரத்துல. இப்ப என் மேல."

"எங்கே இல்லை?"

"இல்லாத இடத்தைத் தெரிஞ்சு என்னங்க பண்றது?"

"பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கைருன்னிசா தேநீர் குடிக்கப் போனார்.

பொன்னுரங்கம் வண்டியைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். கோயிலில்கூட அவர் மூன்று முறை சுற்றியதில்லை. மூன்றாவது சுற்றில் குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு பெருமை படர்ந்தது.

"இங்கே இல்லைங்க" என்று கூவினார். "இன்ஜின் வயித்துல இருந்து வர்ற இந்த ரப்பர் குழாய் நுனியில. துடைச்சப்பவே துளி ஈரமில்லை!"

"ஏன் இல்லை?"

"நான் அடைச்சுட்டேன்ல! எப்பப் பாத்தாலும் இது வழியா ஆவி ஊதிக்கிட்டே இருந்துச்சு. நாலஞ்சு சொட்டு எண்ணெயும் வடியும். சத்தெல்லாம் வீணாப் போகுதேன்னு வேப்பங்குச்சியைச் சீவி, உள்ளே வெச்சு அடிச்சேன். அன்னையில இருந்து ஒரு சொட்டு வெளியே வரலை."

"எப்ப அடிச்சீங்க?"

"பொங்கல் முடிஞ்சு."

"மைலேஜ் எப்பக் குறைஞ்சுது?"

"மாசியில…"

சொல்லிவிட்டு அவர் குழாயைப் பார்த்தார். ஆனாலும் மனிதர் லேசில் தோற்கிறவரல்லர்.

"அதுக்கப்புறம் மத்த இடமெல்லாம் ஒழுக ஆரம்பிச்சுதுங்க. அதை ஈடுகட்ட ஆயிலைக் கொஞ்சம் கூடவே ஊத்துனேன்."

"கொஞ்சம்னா?"

"அளவுக்குச்சி முழுசா நனையற அளவுக்கு."

"யா அல்லா" என்றார் கைருன்னிசா. தேநீரைக் கீழே வைத்தார். "ஊசி போட்டா அழற குழந்தைக்கு என்ன கொடுப்பீங்க?"

"பலூன்."

"ஒண்ணு எடுங்க."

கைருன்னிசா ஆயில் மூடியைக் கழற்றினார். பலூனின் வாயை விரித்து அந்தத் துளையின்மேல் மாட்டினார். "உதைங்க" என்றார்.

ஒன்பதாவது உதையில் இன்ஜின் உயிர் பெற்றது. துவண்டு கிடந்த சிவப்புப் பலூன் துடித்துத் துடித்து நிமிர்ந்தது. எலுமிச்சை ஆயிற்று. மாதுளை ஆயிற்று. தேங்காயளவு வந்தபோது பொன்னுரங்கம் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

வெடித்தது.

எண்ணெய்த் தூறல் அவர் முகத்திலும் சட்டையின் மீதிப் பாதியிலும் படிந்தது.

கைருன்னிசா சாவியைத் திருப்பினார். மலையின் அமைதி திரும்பி வந்தது.

"இத்தனையும் உள்ளேயா இருந்துச்சு?"

"பிஸ்டன் ஓரமா கொஞ்சம் புகை கீழே இறங்கும். புது வண்டியிலும் இறங்கும். அதுல குத்தமில்லை. இறங்கினது வெளியே போகத்தான் இந்தக் குழாய். நீங்க வாசலைச் சாத்துனீங்க, அது சுவரை உடைச்சுக்கிட்டுப் போகுது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே வர்றப்பவும் அதையும் எண்ணெயையும் சேத்து முட்டுது. அந்த முட்டலுக்கும் பெட்ரோல் வேணுமே."

"அப்ப, நான் மிச்சம் பிடிச்சதுதான்…"

கைருன்னிசா குறடை நீட்டினார்.

"நீங்க அடிச்சது. நீங்களே எடுங்க."

குச்சி சுலபத்தில் வரவில்லை. அது வந்தபோது, பொன்னுரங்கம் பல் பிடுங்கிக்கொண்டவரைப் போல உட்கார்ந்துவிட்டார்.

மாலைக்குள் வேலை முடிந்தது. கைருன்னிசா குழாயை மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, மடங்காமல் மாட்டினார். மிகுதி எண்ணெயை வடித்து அளவுக்கோட்டில் நிறுத்தினார். கசிவைத் தடுக்கும் சீல்கள் பிதுங்கிப்போயிருந்தன; அவற்றை மாற்றினார். எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்த காற்று வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்.

"மாசத்துக்கு ஒருக்கா இந்தக் குழாயைக் கழட்டி ஊதிப் பாருங்க. காத்து தடையில்லாமப் போகணும். அவ்வளவுதான் வித்தை."

பொன்னுரங்கம் கைகூப்பினார். பழக்கமில்லாத காரியம். கைகள் சற்றுக் கோணலாகவே சேர்ந்தன.

"எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க."

"எனக்குக் கூலி இருக்கு. மூணு வாரம் வராத ஆளை நம்பி நாளைக்கும் ஒரு ஊரு காத்துக்கிட்டு நின்னா, அங்கே சொல்லுங்க."

மறுநாள் வண்டி எந்த வளைவிலும் நிற்கவில்லை. காலடியில் அந்தக் குழாய் மெல்லப் புகை விட்டுக்கொண்டே வந்தது. போன தையில் அவரை எரிச்சலூட்டிய அதே புகை. பொன்னுரங்கம் அதற்கு நன்றி சொன்னார். பட்டறைக்காரருக்குச் சொன்னார். கைவிட்ட நான்கு மெக்கானிக்குகளுக்கும் சொன்னார். அவர்கள் கைவிட்டிராவிட்டால் அவர் அந்தப் பட்டறைக்கு வந்திருப்பாரா? தனியே பேசிக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் நிறுத்தவில்லை.

பதினொரு மணிக்கு ஐந்தாவது ஊர் முடிந்தது. நண்பகலுக்கு முன்பே தேன்வரை.

பலா மரத்தடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். பதினொரு குழந்தைகளும் அவர்களைச் சுமந்தவர்களும். எல்லோருக்கும் முன்னால் செங்காயி.

பொன்னுரங்கம் இறங்கினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னார்.

"காத்திருந்ததுக்கு நன்றி, தாயி."

"நன்றியைக் கொண்டுபோய் உன் பெட்டியில வெச்சு மூடு!" என்றாள் செங்காயி. "மூணு புதன்கிழமை! இதே மரத்தடி! இதுங்களுக்குப் பசி, எங்களுக்குக் காட்டு வேலை, போட்டது போட்டபடி நிக்கிறோம். ரோட்டுல எவன் வண்டி சத்தம் கேட்டாலும் ஊசிக்காரருன்னு ஓடினோம். ஒருக்கா முட்டைக்காரன். ஒருக்கா ஓட்டுக் கேக்க வந்தவன். உன்னைத் தேடி அவ்வளவு தூரம் இறங்கி வந்தேனே, ஒரு வார்த்தை பேச விட்டியா? எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா யாரைக் கேக்கறது, உன் வண்டியையா?"

'அரசு விதி' என்ற சொல் பொன்னுரங்கத்தின் நாக்கு வரை வந்தது.

வாயைத் திறக்காமல் தலைக்கவசத்தைக் கழற்றி வண்டியில் மாட்டினார். நின்று கேட்டார். அவள் அவரைத் திட்டினாள். அவர் அலுவலகத்தைத் திட்டினாள். மலைப்பாதை போட்டவனைத் திட்டினாள். குரல் உடைந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். பிறகு, ஓடி வந்தவளைப் போல, மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னும் இருக்குதா, தாயி?"

செங்காயி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இருக்குது."

பொன்னுரங்கம் பெட்டியைத் திறந்து பார்த்தார். பனிக்கட்டி கரையாமல் இருந்தது. மூடிவிட்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"சொல்லு."