வௌவால் சொன்ன மேல்வழி

ஊமைமலைக் காட்டில் சிட்டப்பன் என்றொரு முயல் இருந்தது. அந்தக் காட்டிலேயே நீளமான காது அதற்குத்தான். அதிகம் வேலை செய்யாத காதும் அதற்குத்தான். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் பாதியிலேயே “தெரியும், தெரியும்” என்றுவிடும். நாளைக்கு மழை வரும்போல என்றாலும் தெரியும். உன் வாலில் நெருஞ்சி முள் ஒட்டியிருக்கிறது என்றாலும் தெரியும். ஆனால் முள்ளை எடுக்காது.

ஒரு நாள் அதன் நண்பர்களான முள்ளம்பன்றி ஊசிமுத்துவும் ஆமை அய்யாக்குட்டியும் மலைக்குகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. குகைக்குள்ளே பெரிய கூடம் இருக்கிறதாம், அதன் நடுவில் ஒரு சுனையாம். யாரோ சொன்னதைக் கேட்டதிலிருந்து ஊசிமுத்துவுக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை.

“அங்கயா? நான் எத்தனையோ தடவை போயிருக்கேன்” என்றது முயல்.

உண்மையில் அது போனது ஒரே தடவை. வாசலில் நின்று “யாரது?” என்று கேட்டது. உள்ளேயிருந்தும் “யாரது?” என்று குரல் வந்தது. அப்போது பிடித்த ஓட்டம், வீட்டுக்கு வந்துதான் நின்றது. இந்தக் கதையை அது இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். சொல்லாததால், வருகிற சனி ஞாயிறு மூன்று பேரும் குகைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாகிவிட்டது. வழிகாட்டி யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பின. கூடாரத்துக்கு வேண்டிய தேக்கிலைகளை ஊசிமுத்து தன் முதுகு முள்ளில் குத்தி எடுத்துக்கொண்டது. ஆமைக்குக் கூடாரம் தேவையில்லை, வீட்டோடுதான் அது எங்கும் போகும். ஆனாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூட்டை அதன் முதுகில்தான் ஏறியது. முயல் யோசனைகளை மட்டும் சுமந்துகொண்டு முன்னால் நடந்தது.

குகை வாசலுக்கு வந்ததும் முயல் நடையை நிறுத்திக்கொண்டது. “யாரது?” என்று கேட்க இந்தத் தடவை அதற்குத் துணிவு வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்து தானாகவே “யாரது?” என்று ஒரு குரல் வந்தது.

கூரையில் ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் கலைந்த எரிச்சலை அது மறைக்கவில்லை. ஊசிமுத்து பணிவாக, கூடத்தையும் சுனையையும் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னது.

“கொஞ்ச தூரத்துல வழி ரெண்டாப் பிரியும்” என்றது வௌவால். “மேல்வழியாப் போங்க. ஆனா ஒண்ணு, மேல்னு நான் சொல்றது...”

“தெரியும் அக்கா, தெரியும்” என்றது முயல். “நான் எத்தனையோ தடவை வந்த இடம்.”

“அப்ப சரி” என்று வௌவால் மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

இலைகளையும் கிழங்கு மூட்டையையும் வாசலிலேயே இறக்கிவிட்டு மூன்றும் உள்ளே நடந்தன. வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சரிந்து கீழே போனது. மற்றொன்று ஏறி மேலே போனது. முயல் யோசிக்கவே இல்லை. மேலே ஏறியது.

இரவில் மேய்கிற பிராணிகள் ஆதலால் முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் இருட்டு ஒரு பொருட்டில்லை. ஆனால் போகப் போக வழி குறுகியது. முதலில் நடந்தன, பிறகு குனிந்தன, பிறகு தவழ்ந்தன. கூடம் வந்துவிட்டதா என்று ஊசிமுத்து நாலு தடவை கேட்டது. இதோ, அடுத்த திருப்பம் என்று முயல் நாலு தடவை சொன்னது.

அடுத்த திருப்பத்தில் முயலின் மூக்கு சுவரில் இடித்தது. அது ஒரு சின்னப் பொந்து. ஒரு முயல் உட்காரலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் வழியே இல்லை.

“சிட்டப்பா, பின்னால நகர முடியல” என்று ஊசிமுத்துவின் குரல் வந்தது. “முன்னால போனா முள்ளு படிஞ்சு குடுக்குது. பின்னால போனா நிமிர்ந்து பாறையில குத்திக்கிட்டு நிக்குது. பரவால்ல, கூடத்துக்கு வந்து திரும்பிக்கிறேன். முன்னால இன்னும் குறுகலா இருக்கு, மூச்சப் பிடிச்சிட்டு ஒரு தள்ளு தள்ளி வந்துடறேன்.”

முயலின் காது இரண்டும் தொங்கிவிட்டன. அந்தக் குறுகலுக்குள் ஊசிமுத்து நுழைந்துவிட்டால் முன்னாலும் வர முடியாது, பின்னாலும் போக முடியாது. அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதைத் தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை நாள் கட்டிய கோட்டை இடிந்துவிடும். முயலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊசிமுத்து மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“வராத ஊசிமுத்து, அங்கயே நில்லு. இங்க கூடம் இல்ல, வெறும் சுவருதான். எனக்கு இந்த வழி தெரியாது. நான் உள்ள வந்ததே இல்ல.”

ஊசிமுத்து இழுத்த மூச்சை மெதுவாக விட்டது. “அய்யாக்குட்டி, வௌவாலக்காவக் கூப்பிடு” என்று மட்டும் கத்தியது.

நல்லவேளையாக, ஆமை இன்னும் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. அதன் வாழ்க்கையிலேயே பின்தங்கியதற்காக நண்பர்கள் மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

வௌவால் வந்தது. மேல்வழி என்று சொல்லியும் ஏன் கீழ்வழியில் போனீர்கள் என்று அது திட்டியபோது யாருக்கும் புரியவில்லை. தலை இருக்கிற பக்கம்தானே மேல் என்றது அது. தலைகீழாகத் தொங்குகிறவருக்குத் தரைதான் மேல், கூரைதான் கீழ். இதைத்தான் காலையில் சொல்ல வந்ததாம், யாரோ தெரியும் என்று சொல்லிவிட்டார்களாம்.

“முயலே, உன் வால் பக்கம் இருக்கிறது பாறையில்ல, மண்ணு. ஊசிமுத்து உட்கார்ந்திருக்கிற இடத்து ஓரமும் மண்ணுதான். அதுக்குத் திரும்ப இடம் வர்ற வரைக்கும் தோண்டு” என்றது வௌவால்.

முயல் இரண்டு காதையும் நிமிர்த்தி, கடைசி வார்த்தைவரை கேட்டது. பிறகு தோண்டியது. கால் நகம் தேயத் தேய, குறுகலை அகலமாக்கி, ஓர் உடம்பு திரும்புகிற அளவுக்குக் குழி பறித்தது. ஊசிமுத்து மெல்லத் திரும்பியபோது ஒன்பது முட்கள் முயலின் பின்புறத்தில் தைத்தன. முயல் முனகக்கூட இல்லை.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தேக்கிலைக் கூடாரத்தில் மூவரும் கிழங்கு தின்றன. உட்கார முடியாததால் முயல் மட்டும் நின்றுகொண்டே தின்றது. ஊசிமுத்து தன் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்ப வாங்கிக்கொண்டது.

“எத்தனையோ தடவைன்னியே, அது எத்தனை தடவை?” என்று கேட்டது ஆமை.

“ஒரு தடவை. வாசல் வரைக்கும்” என்றது முயல்.

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரித்தது. அப்படியும் சத்தம் வெளியே கேட்டது. ஊசிமுத்துவும் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் முயலுக்கு உயிரே வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றும் மறுபடி குகை வாசலில் நின்றன. சுனைக்கு மேல்வழியாகப் போய், கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரோரமாகக் கீழே பார்த்துக்கொண்டு நடக்கச் சொன்னது வௌவால். “தெரி” என்பதுவரை முயலின் நாக்கு வந்துவிட்டது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கியது.

“அக்கா, ஒரு சந்தேகம்” என்றது. “உங்க மேலா, எங்க மேலா?”

தெரியாததைத் தெரியும் என்கிறவர் தான் வழி தவறுவதோடு நில்லாமல், தன்னை நம்பி வருகிறவரையும் சிக்கவைக்கிறார்.