தரிசில் ததும்பிய குட்டை

இப்படியும் ஒரு கூத்து நடந்தது. வெள்ளத்தாயி தன் கரிசல் நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை தண்ணீர் ததும்பிக் கிடக்கிறது. அதற்கான அரசு மானியத்துக்கு ஆய்வு செய்ய வந்த அதிகாரி ஞானதுரையோ கைபேசியைப் பார்த்தபடி, "இங்க குட்டையே இல்லம்மா" என்கிறார்.

"அப்ப இது என்ன சார்?"

"ஆப்ல இருக்கிற சாட்டிலைட் படத்துல வெறும் தரிசுதான் தெரியுது. நான் திருத்தலாம்தான். ஆனா ஆப் தப்புப் பண்ணாதும்மா."

மானியம் வந்தால்தான் கரைக்குக் கல் பதிக்க முடியும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே கரை உடைந்துவிடும். வெள்ளத்தாயி திரையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். எது நிஜமென்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஊராரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"சரி சார், தரிசுன்னே வச்சுக்குவோம். ஆய்வுக்குப் போட்டோ எடுக்கணும்ல, அதை எங்க நின்னு எடுக்கணும்?"

"குட்டைக்குன்னு குறிச்ச இடத்துக்கு நட்ட நடுவுல நின்னு நான்தான் எடுக்கணும். அதான் விதி."

"அப்ப நடங்க சார். வெறும் தரிசுதானே!"

ஞானதுரை மிடுக்காகத் தண்ணீர் விளிம்பு வரை வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, என்னைக் கொல்லப் பாக்கிறியா? ஆள் முங்குற ஆழம் இருக்கும் போல!"

ஊரே சிரித்தது.

"அதை அப்படியே ஆப்ல போட்டுருங்க சார்," என்றாள் வெள்ளத்தாயி. "நான் சொன்னா அது நம்ப மாட்டேங்குது."

அவர் 'ஆள் முங்குற ஆழம்' என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார்.