தலைவர் உறங்கும் கூடு

ஒரு காட்டில், பாழுங்கிணற்றுக்குமேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. கூடு பின்னுவதில் சடையன் என்ற குருவியை மிஞ்ச ஆளில்லை. பின்னும்போதே கூட்டுக்குள் ஈரச்சேற்றை உருட்டி அப்பிவைப்பான். காற்றடித்தால் கூடு நிலையாக நிற்க அந்தப் பாரம் வேண்டும்.

தலைவர் குருவிக்கோ மிச்சம் பிடிப்பதிலேயே புத்தி.

"சடையா, நீ கூட்டுக்கு நாற்பது நெல் கேட்கிறாய். மலைக்கு அப்பால் சில்லைக்குருவிகள் பத்து நெல்லுக்குப் பின்னித் தருகின்றனவாம். நீயும் உன் ஆட்களும் கிளம்பலாம்" என்றார்.

"போகிறோம் ஐயா. சேறு வைக்க மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்."

"தொங்குகிற கூட்டுக்குச் சேறா? வேலையை இழுக்க உனக்கு ஒரு சாக்கு!"

சில்லைகள் வந்தன. பாவம், அவை சோம்பேறிகள் அல்ல. சொன்னதைச் சொன்னபடி பின்னிக் கொடுத்தன. அப்படிப் பின்னிய ஒரு கூட்டில் செம்பி என்ற குருவி முதன்முதலாக மூன்று முட்டை இட்டாள்.

"தலைவரே, கூடு ரொம்ப ஆடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

"புதுக்கூடு அப்படித்தான் அம்மா. போகப்போகச் சரியாகிவிடும்."

ஆடி பிறந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பிள்ளைகளே. சேறில்லாத கூடு எம்மாத்திரம்? புதுக்கூடுகள் எல்லாம் தலைகீழாகப் புரண்டன. செம்பியின் மூன்று முட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றில் விழுந்தன.

"அடப் பாவிகளா, சேறு வைத்திருக்கக் கூடாதா?" என்று சில்லைகளிடம் கதறினாள் செம்பி.

"யாருமே சொல்லவில்லையே அம்மா! எங்கள் ஊரில் புதருக்குள் கூடு கட்டுவோம். அங்கே காற்றே படாது" என்று அழுதது ஒரு சில்லை.

அந்த மரத்தில் ஒரே ஒரு கூடு மட்டும் நிலையாக நின்றது. அது தலைவருடையது. செம்பி பறந்துபோய் எட்டிப் பார்த்தாள். உள்ளே சடையன் அப்பிய சேறு காய்ந்து இறுகியிருந்தது.

"உங்கள் கூட்டை மட்டும் ஏன் மாற்றவில்லை தலைவரே?"

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நடந்தது நடந்துவிட்டது. கவலைப்படாதே. அடுத்த பருவத்துக்கு மைனாக்களிடம் பேசியிருக்கிறேன். எட்டே நெல்தான்."

நீதி: மலிவான கூட்டைப் புகழ்கிற தலைவன் எந்தக் கூட்டில் உறங்குகிறான் என்று முதலில் பார்.