மூக்கு தேயாத பாவை விளக்கு

கட்டியப்ப ராஜாவுக்குப் பழைய சாமான் என்றால் உயிர். ஓட்டை அண்டாவைக் கொண்டுவந்து, "உங்கள் பாட்டனார் வெந்நீர் போட்டுக் குளித்தது" என்றால் போதும், கட்டிப் பிடித்துக்கொள்வார். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி ரத்தினசபாபதிக்குத் தெரியாமலா போகும்? பலே வியாபாரி அவன்!

ஒருநாள் பாவை விளக்கு ஒன்றோடு சபைக்கு வந்தான். அகலை ஏந்தி நிற்கும் பெண். மேலெல்லாம் பச்சைக் களிம்பு.

"மகாராஜா! உங்கள் வம்சத்து ராணியம்மாள் ஒருவர் எங்கள் முன்னோருக்குக் கொடுத்தது. முந்நூறு வருஷம், நேற்றுவரை ஒருநாள் விடாமல் எங்கள் வீட்டுப் பூஜையில் எரிந்தது. களிம்பைப் பாருங்கள், புது விளக்கில் இது வருமா?"

ராஜா சொக்கிப்போனார். "ஆற்றங்கரைக் கிராமம் உனக்குத்தான்! இனி அரண்மனைப் பூஜையில் இதுவே எரியட்டும். அங்கே மூக்கில்லாமல் ஒரு பாவை விளக்கு நிற்கிறதே, அதை உருக்கிவிடுங்கள்."

ராணி பெருந்தேவிக்குப் பகீரென்றது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் ஏற்றும் விளக்கு அது. அவளுடைய மாமியாரும், அந்த மாமியாருக்கு மாமியாரும் ஏற்றியது. கண் கலங்க மந்திரி வைரவனைப் பார்த்தாள்.

வைரவன் எழுந்து வந்து வியாபாரியின் விளக்கை விழுந்து கும்பிட்டான். பிறகு அவனிடம் மெல்லப் பேச்சை இழுத்தான். "ஒரே ஒரு வருத்தம், ஐயா. உங்கள் வீட்டுப் பெண்கள் இத்தனை சோம்பேறிகளா?"

வியாபாரிக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது!"

"முந்நூறு வருஷமாக விளக்கே தேய்க்கவில்லை போலிருக்கிறதே!"

"யார் சொன்னது? வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பார்கள்! எங்கள் வீட்டு விளக்கில் முகம் பார்க்கலாம், தெரியுமா?"

"அடடே! அப்புறம் இந்தக் களிம்பு எங்கிருந்து வந்தது?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதற்குள் ராணி தன் விளக்கை எடுத்துவந்துவிட்டாள். வைரவன் அதை ராஜாவிடம் நீட்டினான். "இந்தப் பாவையின் மூக்கை யாரும் உடைக்கவில்லை, மகாராஜா. உங்கள் பாட்டிமார்கள் வெள்ளிதோறும் தேய்த்துத் தேய்த்தே கரைந்தது. இவர் விளக்கைப் பாருங்கள், மூக்கு கத்தி மாதிரி நிற்கிறது!"

ராஜா அந்தத் தேய்ந்த முகத்தைத் தடவிப் பார்த்தார். "ஐயோ, இதையா உருக்கச் சொன்னேன்!" என்று வெட்கப்பட்டார்.

ரத்தினசபாபதி தடாலென்று காலில் விழுந்தான். "போன மாசம் வார்த்தது, மகாராஜா! உப்பும் புளியும் பூசிச் சாணக்குழியில் புதைத்து வைத்தேன். மன்னிக்க வேண்டும்!"

"இவன் தலையை..." என்று ராஜா சீறி எழுந்தார்.

"பொறுங்கள், மகாராஜா!" என்றான் வைரவன். "விளக்கு நல்ல விளக்குதான். கொஞ்சம் இளசு, அவ்வளவுதான். வெள்ளிதோறும் இவரே அரண்மனைக்கு வந்து, நாலு பேர் பார்க்கப் புளி போட்டுத் தேய்க்கட்டும். மூக்கு கரைந்ததும் அசல் பழசாகிவிடும். அன்றைக்கே கிராமத்தைக் கொடுத்துவிடுவோம்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி வைரவன் கழுத்தில் போட்டார்.

"இன்றைக்கே வெள்ளிக்கிழமைதானே!" என்று ராணி ஒரு கூடை புளிக்கு ஆள் அனுப்பினாள்.