பானைக்குள்ள போன மிர்த்தோ

ரொம்ப ரொம்ப நாளைக்கு முந்தி, கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்க தேசத்துல, சிங்கத்தோட வாயிலேருந்து தண்ணி கொட்டற ஒரு ஊர் இருந்துச்சு. ஏய், ஓடாதீங்க, கல்லு சிங்கந்தான்!

அந்த ஊர்ல கிராத்தோன்னு ஒருத்தன். பாதி குயவன், மீதி மந்திரவாதி. அவன் சாயக் குச்சி யாரு நிழல்ல பட்டாலும், ஆளு சுருக்குனு பானைக்குள்ள போயி படமா ஒட்டிக்கும்.

ஒரு நாள் தண்ணிக்குப் போன மிர்த்தோ திரும்பல. தங்கச்சி தால்லி தேடி ஓடினா. ஓடினா, ஓடினா, கிராத்தோன் சூளை வரைக்கும் ஓடினா. சூளை திகுதிகுன்னு எரியுது. அவன் மடியில சுடாத பானை. பானைமேல மூணு பொண்ணுங்க, தலையில குடத்தோட சிங்க வாயப் பாத்து நடக்கறாங்க.

"எங்க அக்கா எங்கய்யா?"

"ஹெஹ்ஹெஹே!" ஓட்டைத் துருத்தி மாதிரி சிரிச்சான். "மூணுல ஒருத்தி உங்க அக்கா. மத்ததெல்லாம் வெறும் சாயம். சரியாத் தொட்டா வெளிய வருவா. தப்பாத் தொட்டா நீயும் உள்ள, கண்ணு! சூளைக்குள்ள மூணு கட்டை தள்ளுவேன். மூணாவதோட பானையும் நெருப்புக்குள்ள. வெந்துட்டா அப்புறம் வெளிய வரவே முடியாது."

தால்லி பாத்தா. மூணும் ஒரே மூக்கு, ஒரே கண்ணு, ஒரே கொண்டை, நிமிந்த குடம்.

"அக்கா, தும்மு!"

யாரும் தும்மல. கிராத்தோன் காலால ஒரு கட்டையத் தள்ளினான்.

மறுபடி பாத்தா. ஒரே மூக்கு, ஒரே கண்ணு, ஒரே கொண்டை, நிமிந்த குடம்.

"அக்கா, உன் அத்திப்பழத்தை நாந்தான் தின்னேன். திட்டுக்கா!"

யாரும் திட்டல. ரெண்டாவது கட்டை. தால்லி பானைகிட்ட குனிஞ்சு பாத்தா.

ஒரே மூக்கு, ஒரே கண்ணு, ஒரே கொண்டை... குடம்? நடுவுல இருக்கறவ குடம் மட்டும் இப்பத் தலையில சாஞ்சு படுத்திருக்கு!

"ஏய்யா, இவங்க தண்ணிக்குப் போறாங்களா, வராங்களா?"

"போறாங்க. எல்லாம் காலிக் குடம்."

"நீ என்னைக்காவது தண்ணி எடுக்கப் போயிருக்கியா?"

"நானா? ஆம்பளைடீ!" மூணாவது கட்டையில கால வெச்சான்.

அந்த ஊர்ல ரொம்பின குடந்தான் தலையில நிமிந்து உக்காரும். காலிக் குடத்தைப் படுக்க வெச்சுத்தான் போவாங்க. இல்லேன்னா காத்துக்கு உருண்டுடும். எந்தப் பொண்ணுக்கும் தெரியும். சாயத்துக்குத் தெரியுமா?

நடுவுல இருக்கறவள டப்புனு தொட்டா தால்லி.

தொப்! மிர்த்தோ வந்து விழுந்தா.

"ஐயோ, என் பானையில காலி இடம் ஆகாதே, பிடிச்ச ஆளை இழுத்துக்குமே!"ன்னு கிராத்தோன் அலறி முடிக்கல. பானையப் பிடிச்சிருந்தது அவன் கைதானே? சுருக்!

தால்லி யோசிக்கவே இல்ல. பானையத் தூக்கி சூளைக்குள்ள வெச்சா.

மிர்த்தோ அவள இறுக்கிக் கட்டிக்கிட்டா. அப்புறம் காதைப் பிடிச்சுத் திருகினா. "அத்திப்பழம் நீதானாடி?"

வெந்து வந்த பானையிலதான் ரெண்டு பேரும் தினம் தண்ணி எடுத்தாங்க. அதுமேல ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல ஒரு ஆம்பளை, தலையில காலிக் குடத்தை நிமித்தி வெச்சுக்கிட்டு, இன்னும் தள்ளாடித் தள்ளாடிப் போயிக்கிட்டே இருக்கான்.